நைஸ்: ஒரு சொல் நடந்து வந்த வழி

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே ஜெர்மனியில் இப்போது மாலை. உங்களில் சிலருக்கு இது காலைக் காப்பி நேரம், சிலருக்கு நடு இரவு. கண்விழித்துக் கேட்கிறவர்களுக்கு ஒரு வணக்கம்.

தலைப்பாக ஓர் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தபோது நண்பர் ஒருவர் கேட்டார்: "தமிழ் இலக்கியக் கூட்டத்தில் 'நைஸ்' என்ற சொல்லுக்கு என்ன வேலை?" நியாயமான கேள்வி. என் பதில் இதுதான். நாம் எந்த நாட்டில் இருந்தாலும் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது இந்தச் சொல் நம் காதில் விழுகிறது. பிள்ளைகள் சொல்கிறார்கள், அலுவலகத்தில் சொல்கிறார்கள், பேத்தியின் படத்தைப் பார்த்த உறவினர்கள் குழுவில் எழுதுகிறார்கள். இவ்வளவு சாதுவாகத் தெரியும் இந்தச் சொல் கடந்த எழுநூறு வருடங்களில் போட்ட வேஷங்கள் கொஞ்சநஞ்சமல்ல. அதைப் பார்த்துவிட்டால், நம் தமிழில் சொற்களுக்கு என்ன நடக்கிறது என்பதும், அதைப் பற்றி நாம் ஏன் அடிக்கடி கோபப்படுகிறோம் என்பதும் கொஞ்சம் விளங்கும்.

முதலில் பிறப்பு. லத்தீனில் 'நெஸ்கியுஸ்' என்று ஒரு சொல். 'நெ' என்றால் இல்லை. 'ஸ்கிரே' என்றால் அறிதல். இரண்டும் சேர்ந்தால் 'அறியாதவன்'. இது பழைய பிரெஞ்சு மொழியில் 'நீஸ்' என்று சுருங்கி, 'மூடன், வெகுளி' என்ற பொருளில் வழங்கியது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தன அல்லவா? அந்தக் கூட்டத்தோடு இதுவும் வந்தது. சுமார் 1300 வாக்கில் ஆங்கிலத்தில் ஒருவரை 'நைஸ்' என்று சொன்னால், அவர் முட்டாள் என்று பொருள். பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் இந்தச் சொல்லைப் பெரும்பாலும் அந்தப் பொருளில்தான் எழுதுகிறார்.

இங்கே ஒரு வேடிக்கை. 'ஸ்கிரே' என்ற அதே வேரிலிருந்துதான் 'சயின்ஸ்' என்ற சொல்லும் பிறந்தது. மனசாட்சியைக் குறிக்கும் 'கான்ஷியன்ஸ்' என்ற சொல்லும் அதே குடும்பம். ஆக, சயின்ஸும் நைஸும் உடன்பிறப்புகள். ஒன்று அறிவு, மற்றது அறியாமை. மகன் படிப்பது சயின்ஸ், அவனைப் பற்றி ஆசிரியர் சொல்வது நைஸ். வேர்கள் ஒரே மண்ணில் இருக்கின்றன.

சரி, 'முட்டாள்' எப்படி 'இனியவர்' ஆனார்? ஒரே தாவலில் ஆகவில்லை. ஒவ்வொரு படியாக ஏறினார். படிகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முட்டாள்தனமாக நடப்பவர் சில சமயம் கட்டுப்பாடில்லாமல் நடப்பார். அதனால் பதினான்கு, பதினைந்தாம் நூற்றாண்டுகளில் இந்தச் சொல்லுக்கு 'ஒழுக்கம் தளர்ந்த' என்ற பொருளும், 'ஆடம்பரமாக உடுத்துகிற' என்ற பொருளும் வந்து சேர்ந்தன. உடையில் அதிகம் கவனம் வைக்கிறவர் எல்லாவற்றிலும் குறை காண்பார். சாம்பாரில் உப்பு ஒரு கல் கூடிவிட்டால் தட்டைத் தள்ளிவிடும் மாமாக்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அப்படி நொட்டை சொல்கிறவருக்கும் 'நைஸ்' என்று பெயர் வந்தது. இந்த இடத்தில்தான் திருப்பம். நொட்டை சொல்கிறவரை இன்னொரு கோணத்தில் பார்த்தால், அவர் ருசி தெரிந்தவர். உப்பு ஒரு கல் கூடியது மற்றவர்களுக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிகிறது. ஆகவே 'நைஸ்' என்றால் நுட்பமான வேறுபாட்டை உணர்கிறவர், துல்லியமானவர் என்று ஆயிற்று. இன்றும் ஆங்கிலத்தில் மிக மெல்லிய வேறுபாடு ஒன்றைக் குறிப்பிட 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்பார்கள். அதற்கு 'நல்ல வேறுபாடு' என்று அர்த்தம் இல்லை. 'நுண்ணிய வேறுபாடு' என்று அர்த்தம். நம் 'நுண்' என்ற சொல் அந்தக் காலத்து நைஸுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். 1755இல் சாமுவேல் ஜான்சன் தம் புகழ்பெற்ற அகராதியை வெளியிட்டபோது, இந்தச் சொல்லுக்கு அவர் முதலில் வைத்த பொருளும் அளவுக்கு மீறிய துல்லியத்தைப் பற்றியதுதான். நுட்பமானவர், நாசூக்கானவர், பண்பானவர், அப்படியே பழகுவதற்கு இனியவர். இந்தக் கடைசிப் படி பதினெட்டாம் நூற்றாண்டில்தான் வருகிறது.

ஒரு படியில் ஏறியதும் பழைய படி மறைந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இடைப்பட்ட நூற்றாண்டுகளில் ஐந்தாறு பொருள்கள் ஒரே நேரத்தில் புழக்கத்தில் இருந்தன. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு எழுத்துகளில் இந்தச் சொல் வரும்போது, எழுதியவர் எந்தப் பொருளில் எழுதினார் என்று தீர்மானிக்க முடியாமல் அகராதி செய்தவர்களே திணறியிருக்கிறார்கள்.

இந்தக் குழப்பத்தில் ஓர் உயிரே போகலாம் என்பதற்கு ஷேக்ஸ்பியரில் உதாரணம் உண்டு. 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தின் ஐந்தாம் அங்கம். ஜூலியட் உண்மையில் சாகவில்லை, மருந்தால் மயங்கிக் கிடக்கிறாள் என்று ரோமியோவுக்குத் தெரிவிக்கும் கடிதத்தைத் துறவி லாரன்ஸ் இன்னொரு துறவியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். கொள்ளைநோய் பயத்தில் ஊர்க்காவலர்கள் அவரை ஒரு வீட்டுக்குள் அடைத்துவிட, கடிதம் போய்ச் சேரவே இல்லை. செய்தி கேட்டுப் பதறும் லாரன்ஸ், அந்தக் கடிதம் 'நைஸ்' ஆனது அல்ல என்கிறார். இன்றைய மாணவன் படித்தால், 'கடிதம் நன்றாக இல்லையாம்' என்று எடுத்துக்கொள்வான். அவர் சொல்ல வருவது வேறு: அது அற்பமான கடிதம் இல்லை, இரண்டு உயிர்கள் அதில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு சொல்லின் பழைய பொருள் தெரியாவிட்டால் நாடகத்தின் மிகப் பதற்றமான நிமிடம் நம் கையிலிருந்து நழுவிவிடுகிறது.

இதற்கு நேர் எதிராக நடந்த இன்னொரு சொல்லும் உண்டு. 'ஸில்லி'. இன்று அதற்கு அசட்டுத்தனம் என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் இதன் முன்னோர் 'பேறு பெற்ற, மகிழ்ச்சியான' என்ற பொருளில் இருந்தார். ஜெர்மனியில் வாழ்கிறவர்களுக்கு இதை நம்புவது சுலபம். இங்கே 'ஸேலிக்' என்ற சொல் இன்றும் 'பேறு பெற்ற' என்ற பொருளில் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் பேறு பெற்றவர் கள்ளமில்லாதவர் ஆனார், கள்ளமில்லாதவர் பாவப்பட்டவர் ஆனார், பாவப்பட்டவர் பலவீனமானவர் ஆனார், கடைசியில் அசடு ஆனார். ஒரே தெருவில் ஒருவர் மாடிக்குப் போகிறார், மற்றவர் மாடியிலிருந்து இறங்கி வருகிறார். முட்டாள் இனியவர் ஆனார், பேறு பெற்றவர் முட்டாள் ஆனார். படிக்கட்டில் எங்கோ ஓரிடத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டியிருக்க வேண்டும்.

இப்போது ஒரு நாவலுக்குப் போகலாம். ஜேன் ஆஸ்டின் 1817 ஜூலையில் இறந்தார். அதே வருடக் கடைசியில் வெளிவந்த நாவல் 'நார்த்தாங்கர் அபி'. அதன் நாயகி கேத்தரினுக்குப் பதினேழு வயது. கிராமத்துப் பாதிரியார் வீட்டுப் பெண், நாவல் பைத்தியம். பாத் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு குன்றின் மீது, ஹென்றி டில்னி என்ற இளைஞரோடும் அவருடைய தங்கை எலினோரோடும் நடந்து போகிறாள். ஹென்றி படித்தவர், கிண்டல்காரர். தான் விரும்பிப் படித்த நாவல் ஒன்றை 'நைஸ்' என்று கேத்தரின் புகழ்கிறாள். அவ்வளவுதான், ஹென்றி பிடித்துக்கொள்கிறார். புத்தகத்தின் கட்டமைப்பு சுத்தமாக இருக்கிறது என்றா சொல்கிறாய், அது அட்டை போட்டவரைப் பொறுத்தது அல்லவா என்று சீண்டுகிறார். முன்பு நேர்த்தியையும் நாசூக்கையும் மட்டும் குறித்த சொல் அது, இப்போது நாள், நடை, பெண்கள் என்று எதைப் புகழவும் அந்த ஒரே சொல்தானா என்று கேட்கிறார்.

கேத்தரினின் பதில் எனக்கு மிகவும் பிடிக்கும். நான் தப்பாக ஒன்றும் சொல்ல நினைக்கவில்லையே, எனக்கு அந்தப் புத்தகம் பிடித்திருக்கிறது, அப்படிச் சொன்னால் என்ன என்கிறாள். அப்போது தங்கை எலினோர் நடுவில் வருகிறார். என் அண்ணன் உன்னையும் தங்கையைப் போல நடத்துகிறான், என் பேச்சில் இப்படித்தான் குற்றம் பிடித்துக்கொண்டே இருப்பான் என்கிறார். பிறகு அண்ணனைப் பார்த்து, உனக்கு விவேகத்தைவிட 'நைஸ்' அதிகம் என்று ஒரு போடு போடுகிறார். கவனித்தீர்களா? அண்ணன் காப்பாற்ற நினைத்த அதே பழைய பொருளில், நொட்டை சொல்கிறவன் என்ற பொருளில், அந்தச் சொல்லை எடுத்து அவர் தலையிலேயே வைக்கிறார்.

இரண்டு நூற்றாண்டுகள் கழித்து யார் ஜெயித்தார்கள் என்று பார்த்தால், கேத்தரின்தான். அவள் சொன்ன பொருள்தான் இன்று உலகம் முழுக்க முதல் பொருள். ஹென்றி 'சரியானது' என்று பிடித்துக்கொண்ட பொருளும் ஆதிப் பொருள் இல்லை என்பதைப் பாருங்கள். அதற்கும் முன்னால் 'மூடன்' இருக்கிறான். பழைய பொருள்தான் சரி என்று வாதிட ஆரம்பித்தால், எந்தப் பழமையில் நிற்பது?

இதனால்தான், 'உங்களை யாராவது நைஸ் என்று சொன்னால் முட்டாள் என்று திட்டுகிறார்கள், ஜாக்கிரதை' என்று அவ்வப்போது கைப்பேசியில் சுற்றும் செய்தியை நான் ரசிப்பதில்லை. தகவல் பாதி சரி, முடிவு முழுத் தவறு. ஒரு சொல் எங்கே பிறந்தது என்பது அதன் வரலாறு. இன்று அதற்கு என்ன பொருள் என்பது, இன்று அதைப் பேசுகிறவர்களுக்கு இடையில் உள்ள உடன்பாடு.

இனி நம் வீட்டுக்கு வருவோம். எங்கள் ஊரில் சனிக்கிழமைகளில் நடக்கும் தமிழ் வகுப்பு ஒன்றின் ஆண்டு விழாவில் நான் கண்டது இது. ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒன்று, தன் பாட்டி ஊரைப் பற்றி ஐந்து வாக்கியம் பேச மேடைக்கு வந்தது. மூன்றாவது வாக்கியம்: "பாட்டி வீட்டு மல்லிகை ரொம்ப நாறும்." அரங்கம் வெடித்துச் சிரித்தது. பெரியவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "மணக்கும் என்று சொல்லும்மா" என்று உரக்கத் திருத்தினார். குழந்தை ஒரு கணம் நின்றது. மீதி இரண்டு வாக்கியங்களையும் ஜெர்மன் மொழியில் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டது.

பிறகு விசாரித்தேன். ஜெர்மன் மொழியில் பூவுக்கும் குப்பைக்கும் ஒரே வினைச்சொல்லைப் பயன்படுத்தலாம். அதற்குத் தமிழ் தேடித் தாத்தாவின் பழைய அகராதியைப் புரட்டியிருக்கிறாள். 'நாறுதல்' என்பதற்கு 'மணத்தல்' என்று அதில் இருந்தது. அகராதியில் தவறு இல்லை. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் வெண்சங்கைப் பார்த்து, மாதவனின் வாய் எப்படி மணக்கும் என்று ஏக்கத்தோடு கேட்கும்போது பயன்படுத்தும் வினை இதே 'நாறு'தான். அன்று மேடையில் அந்தக் குழந்தை பேசியது ஆண்டாளின் தமிழ். நாம் சிரித்துவிட்டோம்.

அந்தக் குழந்தையைத் திருத்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இன்றைய தமிழில் மல்லிகை நாறாது, அது அவளுக்குத் தெரிய வேண்டும். ஆனால் இப்படியும் சொல்லியிருக்கலாம் அல்லவா: "கண்ணம்மா, ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் எல்லோரும் இப்படித்தான் சொன்னார்கள். இப்போது அந்தச் சொல் கெட்ட வாசனைக்குப் போய்விட்டது. அதனால் நாம் 'மணக்கும்' என்கிறோம்." இருபது விநாடி ஆகும். அவளுக்கு ஒரு சொல்லுக்குப் பதில் ஒரு கதை கிடைத்திருக்கும். ஹென்றி டில்னியின் கிண்டலைத் தாங்க கேத்தரினுக்கு எலினோர் இருந்தார். அந்த அரங்கில் எலினோர் யாரும் இல்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு, சிரிப்புக்கு ஆளானால் ஒதுங்கிக்கொள்ள இன்னொரு மொழி எப்போதும் கைவசம் இருக்கிறது. கதவு திறந்தே கிடக்கிறது. நாம் சிரிக்கிற ஒவ்வொரு முறையும் அவர்கள் அந்தக் கதவுக்கு ஓர் அடி பக்கத்தில் போகிறார்கள்.

நம் சொற்களும் எவ்வளவு தூரம் நடந்திருக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். தொல்காப்பியத்தில் 'கிழவன்' என்றால் உரிமை உடையவன், தலைவன். இன்று யாரையாவது அப்படிக் கூப்பிட்டுப் பாருங்கள். வடமொழியில் 'கேவலம்' என்றால் தனித்த, தூய என்ற பொருள். நம்மிடம் வந்து அதன் நிலைமை என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. 'அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு' என்ற பட்டியலில் வரும் 'மடம்' இன்னும் சுவாரசியமானது. அதற்கும் அறியாமை என்றுதான் பொருள். 'மடமை' என்று ஆண்களைத் திட்டப் பயன்பட்ட அதே வேர், பெண்ணிடம் வரும்போது மென்மையாகவும் அழகாகவும் பாராட்டப்பட்டது. மடமகள் என்று கவிஞர் சொல்வது வசையில்லை, கொஞ்சல். அறியாதவள் இனியவள் என்ற எண்ணம் லத்தீன் வீட்டில் மட்டும் இல்லை, நம் வீட்டிலும் குடியிருந்தது. சொற்களின் பாதையைத் தேடிப் போனால் அவற்றைப் பேசிய சமூகத்தின் ஆசைகளும் சேர்ந்தே அகப்படுகின்றன.

இன்னொரு சுவையான செய்தி. 'நைஸ்' தமிழுக்குள்ளும் வந்து குடியேறிவிட்டது. தமிழகத்துச் சமையலறையில், "மாவை நைசா அரைச்சுடு" என்பார்கள். இன்றைய லண்டன்காரருக்கு இது புரியாது. மாவை எப்படி இனிமையாக அரைப்பது என்று விழிப்பார். நாம் சொல்வது நுண்மையாக, மெல்லியதாக என்று. ஜான்சனின் காலத்து நுட்பத்துக்கு நம் உரலும் கிரைண்டரும் கிட்டத்தட்ட பக்கத்து வீடு. "நைசா பேசிக் காரியத்தைச் சாதிச்சுட்டான்" என்கிறோம். "வேலையைக் கண்டதும் நைசா நழுவிட்டான்" என்கிறோம். சத்தமில்லாமல், யாருக்கும் தெரியாமல், கொஞ்சம் தந்திரத்தோடு. இந்தப் பொருள் ஆங்கிலத்தில் இல்லை. இது முழுக்க நம் சம்பாத்தியம். அறியாதவன் என்று லத்தீனில் கிளம்பிய சொல், நம் ஊர் வந்து சேர்ந்தபோது எல்லாம் அறிந்த கில்லாடியாகிவிட்டது. எந்தப் பண்டிதரும் இதற்கு அனுமதி தரவில்லை. பேசியவர்கள் செய்துகொண்டார்கள்.

ஹென்றி டில்னி சொன்னது எல்லாமே தவறா என்று கேட்டால், இல்லை. அவருடைய புகாரில் இன்னொரு பாதி உண்டு. எல்லாவற்றையும் புகழ ஒரே சொல் என்றால், அந்தப் புகழ்ச்சியில் எதுவும் மிஞ்சாது என்பது. அது இன்றும் உண்மை. பிள்ளையைப் பற்றி ஆசிரியர் 'நைஸ்' என்று மட்டும் சொல்லி அனுப்பினால், நான் விடுவதில்லை. எதில், எப்போது, யாரிடம் என்று கேட்கிறேன். பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் பிள்ளையைப் பற்றி உண்மையாக ஏதாவது தெரியவருகிறது.

நம் இலக்கியக் கூட்டங்களிலும் ஒரு 'நைஸ்' இருக்கிறது. "நல்லா இருக்கு." கதைத் தொகுப்பு வெளியானால் நல்லா இருக்கு, கவிதை வாசித்தால் நல்லா இருக்கு, இடைவேளையில் கொடுத்த வடையும் நல்லா இருக்கு. வெளிநாட்டில் தமிழில் எழுதுகிறவருக்கு வாசகர்கள் நூறு பேர் இருந்தால் அதிகம். அந்த நூறு பேரும் மூன்று சொற்களுக்குள் அடங்கிவிட்டால், எழுதியவர் யாருடன் பேசுவது? எந்த வரியில் நின்றோம், எந்த இடத்தில் சலித்தோம் என்று ஒரு வாக்கியம் சொல்வதில் நமக்கு என்ன நஷ்டம்? அவருக்கு அது அடுத்த புத்தகம் வரைக்கும் காணும்.

ஆக, பிறர் பேசும் சொல்லில் கொஞ்சம் தாராளமாகவும், நாம் பேசும் சொல்லில் கொஞ்சம் கறாராகவும் இருப்போம் என்பதுதான் என் வேண்டுகோள். நாம் பல சமயம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பிள்ளை தடுமாறிப் பேசும் தமிழுக்கு அகராதியைத் தூக்கிக்கொண்டு வருகிறோம். நம் பாராட்டுக்கு மட்டும் தேய்ந்த காசு போதும் என்று விட்டுவிடுகிறோம்.

இத்துடன் முடிக்கிறேன். கேள்விகளை எழுதலாம், பேச விரும்புகிறவர்கள் கை உயர்த்தலாம். ஒரே ஒரு நிபந்தனை: 'உரை நல்லா இருந்தது' என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. எந்த இடம் சரியில்லை என்று சொன்னால் கூட எனக்குச் சந்தோஷம்தான்.